ஹப்பில் புது ஓட்டை

"இருக்கிற ஓட்டையையே கொஞ்சம் இழுத்துவிட்டா போதாதாண்ணே?"

காரைக்குடி லேத் பட்டறையில் இன்று ஒரு தம்பி கேட்டார். பழைய மாருதி 800-க்கு ஸ்விஃப்ட் அலாய் வீல் மாட்ட ஆசை. 800-இல் நான்கு போல்ட்டும் 114.3 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நிற்கும், ஸ்விஃப்டில் 100.

பட்டறை அண்ணன் பதில் சொல்லாமல், சக்கரம் மாட்டுகிற நடுப்பாகமான ஹப்பைக் கையில் கொடுத்தார். மையத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் ஏழு மில்லிதான். அதே கோட்டில் துளைத்தால் புது ஓட்டை பழையதோடு சேர்ந்துவிடும். அதனால் 45 டிகிரி தள்ளி, இரண்டு பழைய ஓட்டைகளுக்கு நடுவே போட வேண்டும். அதுவும் அங்கே இரும்பு போதுமான கனம் இருந்தால்தான்.

ஸ்டட், அதாவது ஹப்பில் இறுகி நின்று சக்கரத்தைப் பிடிக்கிற போல்ட். அதன் கழுத்தில் பல் பல்லாக வரி இருக்கும். ஓட்டை அதைவிட ஒரு மயிரிழை சின்னதாக இருந்து, பிரஸ்ஸில் வைத்து இறுக்கினால்தான் பிடிக்கும். அப்புறம் பிரேக் டிஸ்க், டிரம்மிலும் அதே வட்டத்தில் ஓட்டை வேண்டும்.

திருச்சி–ராமேஸ்வரம் சாலையில் குடும்பத்தோடு பறக்கும் வண்டியைச் சக்கரத்துக்கு நான்கு ஸ்டட்தான் தாங்குகிறது. அவசரப்படுத்தினாலும் அளக்காமல் துளைக்க மாட்டேன் என்கிற இந்த மனிதர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அலாய் மாட்டுங்கள், அழகுதான். கை டிரில்லோடு வருகிறவரிடம் மட்டும் ஹப்பைக் கொடுக்காதீர்கள்.