தெர்மோகப்பிளுக்கு வேண்டாம், ஹீட்டருக்கு வேண்டும்

கலிஃபோர்னியாவில் ஒரு நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை பார்க்கும் என்னிடம் வீட்டுக்காரர்கள் அதிகம் கேட்பது, பழைய கேஸ் வாட்டர் ஹீட்டரைக் கழற்றிவிட்டு அதே அளவில், அதே இடத்தில் புதியதை வைப்பதற்கு எதற்குப் பர்மிட் என்பதுதான். விதி வகுத்திருக்கும் எல்லை தெளிவானது. தெர்மோகப்பிள் (சுடர் அணைந்தால் கேஸை நிறுத்த உதவும் வெப்ப உணரி) போன்ற சிறு உறுப்பை மாற்றுவதற்கு, அதனால் கருவியின் பாதுகாப்பு கெடாதவரை, அனுமதி தேவையில்லை; கருவியையே மாற்றினால் தேவை. சனிக்கிழமை இரவு தொட்டி ஒழுகினால் உடனே மாற்றிக்கொண்டு, அடுத்த வேலைநாளில் விண்ணப்பிக்கவும் விதி இடம் தருகிறது. இதைச் சொன்னதும் பலருடைய கோபம் பாதி தணிந்துவிடும்.

மீதிக் கோபம் கட்டணத்தைப் பற்றியது. அதில் நியாயம் இல்லை என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் ஆய்வுக்குப் போகும் வீடுகளில் பழுது பெரும்பாலும் புதிய கருவியில் இருப்பதில்லை, அதைச் சுற்றியுள்ளவற்றில்தான் இருக்கிறது. பல பழைய வீடுகளில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் ஒரே புகைக்குழாயைப் பகிர்ந்துகொள்ளும். குழாயின் அளவும் இரண்டின் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டதாகவே இருக்கும். ஃபர்னஸை மட்டும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் திறனுள்ள புதிய வகைக்கு மாற்றும்போது, அதன் கழிவுக்காற்று தனிப் பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியேறிவிட, ஹீட்டர் அந்தப் பெரிய குழாயில் தனித்து விடப்படுகிறது. அதன் சொற்ப வெப்பத்தால் குழாய் சூடேறாமல், புகை குளிர்ந்து நீராகப் படிந்து, மேலே ஏறாமல் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவோடு வீட்டுக்குள்ளேயே திரும்பக்கூடும். ஃபர்னஸை மாட்டியவர் தம் வேலையைச் சரியாகவே செய்திருப்பார். ஹீட்டரை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். கதவுகளை அடைத்து, சமையலறை, குளியலறை மின்விசிறிகளையும் துணி உலர்த்தியையும் ஓடவிட்டு, ஹீட்டர் எரியத் தொடங்கிச் சில நிமிடங்கள் கழித்து அதன் புகைவாயருகே கண்ணாடியைப் பிடித்தால் அது மங்குவதிலிருந்தே புகை திரும்புவது தெரிந்துவிடும்.

மற்றவை சுருக்கமானவை. நிலநடுக்கத்தில் சாயாதிருக்க ஹீட்டரின் மேல் மூன்றில் ஒரு பகுதியிலும் கீழ் மூன்றில் ஒரு பகுதியிலும் பட்டைகள் போட்டுச் சுவரோடு பிணைத்திருக்க வேண்டும். 1994 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியைத் தாக்கிய நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தை அடுத்து, ஹீட்டர்கள் சாய்ந்து கேஸ் கசிந்து மூண்ட தீ விபத்துகளை அறிந்தவர்கள் இதற்குக் காரணம் கேட்பதில்லை. வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்பதையும் பார்ப்போம்.

விலை சொல்லும்போது "பர்மிட் தனி" என்றோ, "நீங்களே எடுத்துவிடுங்கள், மலிவாக முடியும்" என்றோ சொல்லும் ஒப்பந்தக்காரர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் தம் பெயரில் எடுத்தால், வேலையின் பொறுப்பும் அவர் பெயருக்கே வந்துவிடுகிறது என்பதைக் கவுண்டரில் படிவத்தைக் கொடுப்பதற்கு முன்பே நான் சொல்லிவிடுவது வழக்கம். அதைக் கேட்டதும் கையெழுத்திடாமல் எழுந்து போய் ஒப்பந்தக்காரருக்குத் தொலைபேசி செய்தவர்கள் உண்டு.