கிணற்றை எட்டிப் பார்த்தால் ஊரே ஓடி வரும்

எம்.எஸ்சி. ஜியாலஜி கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களின் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டேன். தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில், அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். எந்தக் கிணற்றில் எவ்வளவு, மழைக்கு முன்னும் பின்னும் எப்படி மாறுகிறது, நீர்மட்டத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கலாம் என்பது யோசனை. "நல்ல டாபிக்மா, நீயே பாத்துக்கோ" என்றார் கைடு. அதோடு அவர் பங்கு முடிந்தது. அடுத்து அவரைப் பார்த்தது கையெழுத்து வாங்கத்தான்.

ஆயுதங்கள் எளிமையானவை. நுனியில் எடை கட்டிய அளவு நாடா, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர், ஒரு பை நிறைய பிளாஸ்டிக் பாட்டில். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினை புரியும், அதனால் கண்ணாடி பாட்டில் ஆகாது. நாடாவை இறக்கி, எடை தண்ணீரில் 'ப்ளக்' என்று தட்டும் சத்தத்தைக் கேட்டு அளவு எடுக்கவேண்டும். இதற்குக் கிணற்று மேட்டில் குனிந்து, தலையை உள்ளே நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். தனியாக வந்த வெளியூர்ப் பெண் இப்படி நின்றால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

பின்னாலிருந்து ஒரு பாட்டி என் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம் பாப்பா!" களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். நீர்மட்டம், பருவமழை என்று நான் விளக்க விளக்க, "பரீட்சையில ஃபெயிலா?" என்று அவர் இன்னும் கனிவாகக் கேட்டார். மோர் குடித்த பிறகுதான் விட்டார். அதற்கப்புறம் கிணற்றை நெருங்கும் முன்பே, "ஆழம் பாக்க வந்திருக்கேன், அளந்துட்டுப் போயிடுவேன்" என்று உரக்கச் சொல்லிவிடுவேன்.

டிடிஎஸ் மீட்டர் வேறு வகைத் தொல்லை. அதைப் பையிலிருந்து எடுத்ததுமே, "ஆர்.ஓ. மிஷின் வேண்டாம்மா, போன மாசந்தான் ஒருத்தன் வந்துட்டுப் போனான்" என்று கதவு சாத்துவார்கள். அந்த மீட்டர் கரைந்திருக்கும் மொத்த உப்பை மட்டும்தான் காட்டும். ஃபுளோரைடுக்குத் தனி நிறமோ சுவையோ கிடையாது, லேபில்தான் பார்க்கவேண்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை. "எங்க தண்ணி கல்கண்டு, குடிச்சுப் பாரு" என்று பெருமையாகச் செம்பை நீட்டிய வீட்டுக் கிணறு லேபில் அந்த 1.5-ஐயும் தாண்டியது. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனாலும் பருப்பு வேகக் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டுமாம்.

ஆழம் விசாரித்தது தனிக் கதை. என்னை அரசாங்கத்து ஆள் என்று நினைத்த ஒரு பெரியவர், "சொட்டுத் தண்ணி இல்லம்மா, வறட்சின்னு எழுதிக்கோ" என்றார். அதே பெரியவர், கொஞ்ச நேரத்தில் நிலம் பார்க்க வந்த புரோக்கரிடம், "இருவது அடியில தண்ணி, கோடையிலயும் வத்தாது" என்றார். அவருடைய பெண்ணைப் பார்க்க வருகிறவர்களுக்கு இன்னொரு ஆழம் இருக்கும் என்று நினைக்கிறேன். என் நாடா சொன்னது 47 அடி. கேட்டு எழுதும் தகவலை ஆய்வில் ஏன் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்கு வகுப்பில் கிடைக்கவில்லை.

பஸ்ஸிலும் நிம்மதி இல்லை. எண் ஒட்டிய பாட்டில்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்த கண்டக்டர் ஒன்றைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "வெறும் தண்ணியா?" என்றார், ஏமாற்றத்தோடு.

இந்த அலைச்சலில் என் வேலையை உண்மையில் புரிந்துகொண்டவர் ஒருவர்தான். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து, அது எழுந்து நிற்கும் இடத்தில் தண்ணீர் என்று சொல்கிற நீரோட்டக்காரர். தொழில் போட்டி என்று முறைப்பார் என நினைத்தேன். டீக்கடை பெஞ்சில் என் நீர்மட்ட வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, ஒரே நீர்மட்டமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள் நெருக்கமாக ஓடும் இடத்தில் விரல் வைத்தார். "இங்க பாறை இறுகிக் கிடக்கும். தண்ணி லேசுல நகராது. நான் அங்க தேங்காயே எடுக்க மாட்டேன்." பாறையில் விரிசல் குறைந்த இடத்தில் நீர் சுலபமாக நகராது, மட்டம் சரசரவென்று இறங்கும், கோடுகள் நெருங்கும் என்று எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சுற்று வட்டாரத்தில் எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் பாறை தட்டியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தேங்காய்க்கு என்ன வேலை என்று கேட்டேன். "சும்மா சொன்னா காசு குடுப்பாங்களா?" என்றார்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அரைமணி நேரம் குடைந்தார். எந்தக் கனிமத்திலிருந்து ஃபுளோரைடு வருகிறது (பயோடைட், அபடைட், ஹார்ன்பிளெண்ட்), தண்ணீரில் கால்சியம் குறைந்தால் ஏன் ஃபுளோரைடு கூடுகிறது, எல்லாம் கேட்டார். முன்னுரையில் தேங்காய்க்காரருக்கு நன்றி சொல்லியிருந்ததைப் படித்து, "இதெல்லாம் சயின்ஸாம்மா?" என்று உதட்டைப் பிதுக்கினார். மார்க் போட்டு முடித்து, எல்லோரும் டீ குடிக்கப் போனபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஊர்ல ஒரு மனை வாங்கியிருக்கேன், போர் போடணும். அவர் நம்பர் இருக்கா?"