ஸ்கூல் விட்டு வந்து படுக்கப் போற வரைக்கும்

கொழும்பு வெள்ளவத்தையில பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எந்த லேனுக்குள்ள போனாலும் ஏதாவதொரு வீட்டு கேட்டுக்கு முன்னால சின்னச் செருப்பா குவிஞ்சு கிடக்கும், உள்ள டியூஷன் கிளாஸ் நடக்குது எண்டு அர்த்தம். நாலாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள், விடிய ஆறு மணிக்கு ஸ்கூல் வான் ஏறினதுகள், வந்து ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு திரும்ப பேக்கைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும். என்ட மகளும் இப்ப நாலாம் ஆண்டுதான், அதால கண்ட கண்ட இடத்தில எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி "பிள்ளை எங்க கிளாஸ் போறா?" எண்டுதான். கணக்குக்கு மட்டும், கிழமையில ஒரு நாள் எண்டு சொன்னால் நம்ப மாட்டினம். ஏன் அப்பிடி முடிவெடுத்தம் எண்டு கனபேருக்குத் தனித்தனியா சொல்லியாச்சு, இண்டைக்கு ஒரே இடத்தில எழுதி வைக்கிறன்.

முதல்ல ஒண்டு சொல்லவேணும். கிளாஸுக்கு அனுப்புற அம்மா அப்பாமாரில எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டில பிள்ளை பின்னேரம் எங்க இருக்கிறது எண்டதும் ஒரு பிரச்சினைதானே. அதோட ஐந்தாம் ஆண்டில எழுதுற புலமைப்பரிசில் எண்டது சும்மா ஒரு சோதனையும் இல்லை, ரெண்டு பேப்பர், மொத்தம் 200 மார்க்ஸ், அதை வைச்சுத்தான் பெரிய ஸ்கூல்களில இடமும் வசதி குறைஞ்ச பிள்ளைகளுக்கு உதவிப் பணமும் கிடைக்குது. 1945ல இலவசக் கல்வி வந்த நாட்டில, 1980ல இருந்து பாடப் புத்தகமும் இலவசமா குடுக்கிற நாட்டில, பத்து வயசுப் பிள்ளைக்கு மாசாமாசம் இவ்வளவு காசு கட்டவேண்டி வந்தது பெரிய கவலையான விஷயம், ஆனா அந்தக் கவலையோட பயந்து ஓடுற தாய் தகப்பனைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்.

எனக்கு விளங்கின விஷயம் இதுதான். பிள்ளை கிளாஸில கேட்டது அவட மண்டைக்குள்ள தங்குறதுக்கு, அதை அவ ஆருக்காவது திரும்பச் சொல்லவேணும், எங்கயாவது பாவிச்சுப் பாக்கவேணும், பிறகு நல்லா நித்திரை கொள்ளவேணும். இந்த மூண்டும் வீட்டிலதான் நடக்கும், அதுக்கு நேரம் வேணும், நாலு கிளாஸ் போட்டால் அந்த நேரம் இல்லாமப் போயிடும்.

திரும்பச் சொல்லுறது எண்டதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லுறன், இது நான் ஆசிரியர் பயிற்சி எடுத்த காலத்தில வாசிச்சது, இப்பவும் என்ட மனசில நிக்குது. ரோடிகர், கார்பிக் எண்டு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006ல ஒரு ஆய்வு வெளியிட்டவை. யூனிவர்சிட்டிப் பிள்ளைகளிட்ட ஒரு பந்தியைக் குடுத்து, கொஞ்சப் பேரைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னவை, மற்றவையை வாசிச்சிட்டு மூடி வைச்சு ஞாபகத்தில இருக்கிறதை எழுதச் சொன்னவை. அஞ்சு நிமிஷத்தில சோதிச்சால் திரும்ப வாசிச்ச ஆக்கள்தான் முன்னுக்கு. ஆனா ரெண்டு நாள் கழிச்சும் ஒரு கிழமை கழிச்சும் பாத்தால், மூடி வைச்சு எழுதின ஆக்களுக்குத்தான் கூட ஞாபகம் இருந்திருக்கு. அதாவது புத்தகத்தைத் திறந்து வைச்சுக்கொண்டு பத்துத் தரம் வாசிக்கேக்க எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும், அது அந்த நேரத்துக்கு மட்டும்தான். மண்டைக்குள்ள தேடி எடுக்கிற அந்தக் கஷ்டம்தான் பாடத்தை உறுதியாக்குது.

இதை வீட்டில செய்யுறதுக்குப் பேப்பர் ஒண்டும் தேவையில்லை. "இண்டைக்கு ஸ்கூலில என்ன படிச்சீங்க?" எண்டு கேட்டால் "ஒண்டும் இல்லை" எண்டுதான் எல்லாப் பிள்ளையும் சொல்லும். நான் கேக்கிறது வேற மாதிரி, இண்டைக்கு ஆர் பேச்சு வாங்கினது, டீச்சர் போர்டில என்ன கீறினவ, விளங்காமப் போன இடம் எது. ஒரு நாள் "டீச்சர் பூவை வெட்டிக் காட்டினவ" எண்டு தொடங்கி, செவ்வரத்தம் பூவுக்குள்ள என்னென்ன இருக்கு எண்டு முழுக்கச் சொல்லி முடிச்சா, நான் மரக்கறி வெட்டிக்கொண்டே கேட்டன். நடுவில ஒரு இடத்தில நிண்டுட்டா, பேர் வரேல்ல. நான் சொல்லிக் குடுக்கேல்ல, பாத்துக்கொண்டு இருந்தன், ஒரு நிமிஷம் யோசிச்சு அவளே "மகரந்தம்!" எண்டாள். அது இனி மறக்காது. அம்மம்மா வீட்டுக்கு வந்தால் இன்னும் நல்லம், ஏனெண்டால் அம்மம்மாவுக்கு உண்மையாவே தெரியாத விஷயங்களை மகள் சொல்லிக் குடுப்பா, அம்மம்மா குறுக்குக் கேள்வி கேப்பா, அதைவிடப் பெரிய ரிவிஷன் எந்த கிளாஸில கிடைக்கும்?

பாவிச்சுப் பாக்கிறதுக்கு மார்க்கெட் இருக்கு. வெள்ளவத்தை மார்க்கெட்டுக்குப் போகேக்க மகளையும் கூட்டிக்கொண்டுதான் போறனான், போஞ்சி கிலோ 480 ரூபா எண்டால் கால் கிலோ எவ்வளவு, ஆயிரம் ரூபா குடுத்தால் மிச்சம் எவ்வளவு, கடைக்காரர் கல்குலேட்டரைத் தட்ட முதல் அவ சொல்லவேணும். கால், அரை, முக்கால் எண்டது கொப்பியில வட்டம் கீறி நிறம் தீட்டேக்க வராத விளக்கம் தராசில வைச்சால் வரும். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விக்க வாற சூன் பாண் ஆட்டோ வந்தாலும் அவதான் இறங்கிப் போய் சிங்களத்தில கேட்டு வாங்குவா, முதல்ல வெக்கப்பட்டவ, இப்ப அந்த ஐயாவோட நிண்டு கதைச்சிட்டுத்தான் மேல வாறா. ஸ்கூலில இரண்டாம் மொழி எண்டு படிக்கிற சிங்களத்துக்கு உயிர் வாறது இப்பிடித்தான், கொழும்பில இருக்கிற எங்களுக்கு இது வாசலுக்கே வந்து கிடைக்குது.

சின்னவன் நேசரி போறான், அவனுக்கு இலக்கம் சொல்லிக் குடுக்க வேர்க்‌ஷீட் வாங்கேல்ல. 2008ல சீக்ளர், ராமணி எண்டவை செய்த ஒரு ஆய்வில, 1 இல இருந்து 10 வரைக்கும் நேர் வரிசையா இலக்கம் எழுதின ஒரு போர்டில வசதி குறைஞ்ச குடும்பத்து நேசரிப் பிள்ளைகளை விளையாட விட்டிருக்கினம், ஒரு தரத்துக்குக் கால் மணித்தியாலம், ரெண்டு கிழமைக்குள்ள நாலு தரம், அவ்வளவுதான். எந்த இலக்கம் பெரிசு, எது எங்க வரும் எண்ட விளக்கம் அந்தப் பிள்ளைகளுக்கு நல்லாக் கூடியிருக்கு. இலக்கத்துக்குப் பதிலா நிறத்தை வைச்சு விளையாடின பிள்ளைகளுக்கு அந்த முன்னேற்றம் வரேல்ல. பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி நானே ஒண்டு கீறினன், கட்டைக்குப் பதிலா புளியங்கொட்டை. முக்கியமான விஷயம், 3ல நிக்கேக்க ரெண்டு விழுந்தால் "ஒண்டு, ரெண்டு" எண்டு எண்ணக்கூடாது, "நாலு, அஞ்சு" எண்டு அந்தப் பெட்டியில இருக்கிற இலக்கத்தைச் சொல்லித்தான் நகரவேணும். அக்காவும் தம்பியும் அதில சண்டை பிடிக்கிறதும் நடக்கும், பரவாயில்லை.

வாசிப்பு எண்டு வந்தால் எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கு, பிள்ளைக்குத் தானா வாசிக்கத் தெரிஞ்சாலும் நாங்கள் வாசிச்சுக் காட்டுறதை நிப்பாட்டக் கூடாது. எழுத்துக் கூட்டுற கஷ்டம் இல்லாமல் கதையைக் கேக்கேக்கதான் அவையள் தங்கட வயசுக்கு மேல இருக்கிற சொல்லுகளைப் பிடிக்கிறவை. புத்தகம் எல்லாம் காசு குடுத்து வாங்கக் கட்டுப்படியாகாது, அதுக்கு 57ஆம் லேனில கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கு, 1942ல தொடங்கினது, அங்க நூலகம் இருக்கு. விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில பொது நூலகம் இருக்கு, சனிக்கிழமை பஸ்ஸில போய் புத்தகம் பாத்து, பார்க்கில ஓடி விளையாடி வீட்ட வந்தால் ஒரு நாள் வடிவாப் போயிடும். எந்தப் புத்தகம் எண்டு பிள்ளையே எடுக்கட்டும், ஒரே டைனோசர் புத்தகத்தையே திரும்பத் திரும்ப எடுத்தாலும் விடுங்க.

இன்னொண்டு, மனசில பட்டதால சொல்லுறன். இங்கிலீஷ் நல்லா வரவேணும் எண்டு வீட்டில தமிழை விட்டிட்டு, தங்களுக்கே சரளமா வராத இங்கிலீஷில பிள்ளையோட கதைக்கிற ஆக்களை இப்ப நிறையக் காணுறன். "கம்", "ஈட்", "ஸ்லீப்", "டோன்ட் டூ" எண்டதோட கதை முடிஞ்சிடுது. பிள்ளைக்கு வேண்டியது ஏன், எப்பிடி, இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு நீளமாப் போற கதை, அது எங்களுக்கு எந்த மொழியில லேசா வருமோ அந்த மொழியிலதான் வரும். தமிழில யோசிக்கப் பழகின பிள்ளை இங்கிலீஷிலயும் யோசிக்கும்.

நித்திரையில நான் விட்டுக்குடுக்கிறதே இல்லை. ஆறு வயசில இருந்து பன்னிரண்டு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 9 இல இருந்து 12 மணித்தியாலம் எண்டு அமெரிக்க நித்திரை மருத்துவச் சங்கம் 2016ல சொன்னது. எங்கட கணக்கைப் போட்டுப் பாருங்க, ஆறு மணி வானுக்குப் பிள்ளை அஞ்சுக்கு எழும்பவேணும், குறைஞ்சது ஒன்பது மணித்தியாலம் எண்டாலே இரவு எட்டு மணிக்கு நித்திரையாகியிருக்கவேணும். ஏழு மணிக்கு கிளாஸ் முடிஞ்சு வந்து, குளிச்சு, சாப்பிட்டு, ஹோம்வேர்க் செய்து முடிக்கிற பிள்ளை எப்ப படுக்கிறது? பகல் படிச்சதை மூளை உறுதியாக்கிறதில நித்திரைக்குப் பெரிய பங்கு இருக்கு, அதை வெட்டிப்போட்டு இன்னொரு மொடல் பேப்பர் செய்விக்கிறதில எனக்கு நியாயம் தெரியேல்ல. எங்கட வீட்டில ஏழு மணிக்குப் பிறகு போன் எல்லாம் ஃப்ரிட்ஜுக்கு மேல, என்டதும் அவரிட்டதும் சேத்துத்தான், இல்லாட்டி பிள்ளை கேக்காது.

அடுத்த வருஷம் மகளுக்கு ஐந்தாம் ஆண்டு. பழைய பேப்பர்களைச் சனிக்கிழமை காலையில நேரம் வைச்சுச் செய்யுறது, பிழைச்ச கேள்விகளை ரெண்டு மூண்டு நாள் விட்டுத் திரும்பச் செய்யுறது, கணக்கு கிளாஸ் அப்பிடியே, எட்டு மணிப் படுக்கையும் அப்பிடியே எண்டு அவரும் நானும் இருந்து கதைச்சுத் தீர்மானிச்சிட்டம். புலமைப்பரிசில் கட்-ஓஃப் மார்க்ஸைத் தாண்டினால் சந்தோஷம். தாண்டாட்டி இப்ப போற ஸ்கூலிலயே ஏ.எல். வரைக்கும் இருக்கு, அவவுக்கு அங்க நல்ல சிநேகிதிகளும் இருக்கினம்.