ரன் என்றால் ஓட்டம் மட்டுமா?

“எனக்குக் கார் ஓடத் தெரியும்.” திருகோணமலையில் யாரும் சொல்லும் வசனம். உப்புவெளி ஹோட்டலில் வேலை கேட்கப் போய் இதையே ‘ஐ கான் ரன் எ கார்’ என்றால், பெற்றோல், இன்சூரன்ஸ், சேர்விஸ் செலவெல்லாம் தாங்குமளவு வசதி உங்களுக்கு இருக்கிறதென்றுதான் வெள்ளைக்காரர் விளங்கிக்கொள்வார். கார் என்றால் ட்ரைவ், சைக்கிள் என்றால் ரைட். தமிழ்நாட்டில் ‘ஓட்ட’ என்பார்கள். நாங்கள் ‘ஓட’ என்பதால் ரன் தானாக வாய்க்கு வந்துவிடும்.

ஆனாலும் இரண்டு சொல்லும் நல்ல கூட்டாளிகள். கிரிக்கெட் ஓட்டம் ரன், வெள்ளோட்டம் ட்ரயல் ரன். வயிற்றோட்டத்துக்குக்கூடப் பேச்சில் ‘த ரன்ஸ்’ என்பார்கள். டொக்டரிடம் மட்டும் டயரியா என்றே சொல்லுங்கள்.

மூதூருக்கு பஸ் ஓடுது என்பது வழக்கமான சேவை என்றால் ‘பஸஸ் ரன் டு மூதூர்’. வெள்ளம் வடிந்து இன்றைக்கு ஓடுது என்றால் ‘ஆர் ரன்னிங் டுடே’. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதை என்கிற மிதவைப் படகு ஓடியதே, அது ‘எ ஃபெரி ரான்’ அல்லது ‘யூஸ்ட் டு ரன்’. ‘ஹாஸ் ரான்’ பிழை. ஹாஸ், ஹாவ், ஹாட் வந்தால் மறுபடியும் ரன்தான்.

அதிகம் சறுக்குவது ரன் அவுட்டில். மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. எழுவாய் நாங்கள் என்றால் ‘வீ ஹாவ் ரன் அவுட் ஒஃப் கெரசின்’; மண்ணெண்ணெயே எழுவாய் என்றால் ‘த கெரசின் ஹாஸ் ரன் அவுட்’, ஒஃப் வராது. ‘ஐ ஆம் ரன் அவுட்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அது விக்கெட் பறிகொடுத்தவரின் பேச்சு.

படகு தரை தட்டினால் ‘ரான் அக்ரவுண்ட்’, கல்லில் மோதினால் ‘ரான் இன்டு எ ரொக்’. அதே ரான் இன்டு, ஆளோடு வந்தால் தற்செயலான சந்திப்பு: ‘ஐ ரான் இன்டு யுவர் மாமா’. இன்டு இருக்கும் இடத்தில் ஓவர் வந்தால் மாமா ஆஸ்பத்திரியில்.

“கடை எப்பிடி ஓடுது?” என்பதற்கு ரன்னே வேண்டாம், ‘ஹவ் இஸ் பிஸ்னஸ்?’ போதும். கடை நடத்துவதுதான் ‘ரன் எ ஷொப்’.

சேலையில் சாயம் போனால் கொஞ்சம் நிதானம் வேண்டும். தோய்க்கும்போது பக்கத்து வெள்ளைச் சட்டையில் ஏறினால் ரன், கொடியில் வெயில்பட்டு வெளிறினால் ஃபேட்.