வெள்ளி ரதமும் இருட்டில் நின்ற முகங்களும்

தைப்பூசத்துக்கு முந்தின நாள் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும்போது மலேசியாவின் ஜார்ஜ்டவுனில் இன்னும் விடிந்திருக்காது. ரதம் முழுக்க விளக்கு, தெருவில் இருட்டு. படம் எடுக்கும்போது விளக்கொளி ஒருமுறை வெள்ளையாக வெளுத்துவிட்டால் வெள்ளி வேலைப்பாட்டை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அதனால் வேண்டுமென்றே வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் குறைத்து (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்), ரா, ஜேபெக் இரண்டிலும் எடுத்தேன். ரா என்பது கேமரா பதிவு செய்த தரவு அப்படியே இருக்கும் கோப்பு, ஜேபெக் என்பது கேமராவே பதப்படுத்திச் சுருக்கிய படம். ரதம் தப்பியது, தேங்காய் உடைக்க நின்றவர்களின் முகங்கள் இருண்டுவிட்டன.

முதலில் ஜேபெக்கை வெளிச்சமாக்கிப் பார்த்தேன். வானம் பட்டை பட்டையாகப் பிரிந்தது, நிழலில் சின்னச் சின்னச் சதுரங்கள் எட்டிப் பார்த்தன. ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 256 படிநிலைகள்தான், அதிலும் இருட்டுப் பகுதிக்குக் கிடைப்பவை கொஞ்சமே. சுருக்குவதும் 8×8 பிக்சல் கட்டங்களாகத்தான். 14 பிட் ராவில் 16,384 படிநிலைகள் உண்டு. அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது.

சரி, ராவை டார்க்டேபிள் என்ற படத்திருத்த மென்பொருளில் திறந்தேன். படம் முழுவதன் வெளிச்சத்தையும் ஏற்றினால் இருட்டில் கிடந்த இரைச்சலும், அதாவது சிதறிய வேண்டாத புள்ளிகளும், சேர்ந்து ஏறுகிறது. தலைமுடியிலும் கரும்பட்டுப் புடவையிலும் சிவப்பு, பச்சைப் புள்ளிகள். நிழலை மட்டும் தூக்கும் ஸ்லைடரைக் கடைசிவரை தள்ளினால் ரதத்தின் உச்சியைச் சுற்றி வெளிறிய வளையம் விழுகிறது. கடைசியில் முகங்களுக்கு மட்டும் மாஸ்க் போட்டு (திருத்தம் அந்த இடத்தில் மட்டும் விழும்படி வரம்பு கட்டி), அதன் ஓரத்தை நன்றாக மென்மையாக்கி, ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேலே ஏற்றியதுதான் சரியாக வந்தது. சாலையையும் வானத்தையும் தொடவில்லை. அது விடியாத நேரம், படத்திலும் அப்படியே தெரியட்டும்.

வண்ணப் புள்ளிகளைத் தாராளமாக நீக்கலாம். நிறமில்லாமல் மணல்போல் தெரியும் வெளிச்ச இரைச்சலை நீக்குவதில்தான் கை அடங்க வேண்டும், இல்லையென்றால் தோல் மெழுகுபோல் ஆகிவிடும். மெல்லிய மணல்தன்மை இருந்தால் எனக்கு உறுத்தவில்லை. தானியங்கித் திருத்தமோ நம் ஆட்களின் கறுப்பு நிறத்தைச் சாம்பலாக வெளுக்கிறது. அதை நான் ஏற்பதே இல்லை. வெயிலில் வேலை செய்த முகம் அதே நிறத்தோடு, கண்ணும் திருநீறும் தெளிவாகத் தெரியும் அளவுக்கு மட்டும் ஏற்றினேன். கூர்மையாக்குவது எல்லாவற்றுக்கும் பிறகுதான், அதுவும் துளி.

வேலை முடியும்வரை ராவாகவே வைத்திருந்து, கடைசியில் ஒரே ஒருமுறை ஜேபெக்காக மாற்றினேன். அடுத்து தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் காவடிகளை ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 400இல் இருட்டாக எடுத்துப் பிறகு ஏற்றுவதா, எடுக்கும்போதே 1600 வைப்பதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.