தங்க முத்திரைக்கு 1,800 ரேண்ட்

அந்தக் காப்பிரைட் (பதிப்புரிமை) சான்றிதழ் இன்னும் என் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. தங்க நிறத்தில் வட்ட முத்திரை, கீழே ஒரு பதிவு எண், பார்க்க ஜோராக இருக்கும். 1,800 ரேண்ட் அழுதேன். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அப்பா 1996-இல் போய்ச் சேர்ந்தார். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய அவர் எழுதிய கூத்துப் பாட்டுதான். மூன்று நோட்டு நிறைய வைத்துவிட்டுப் போனார். அதைப் புத்தகமாகப் போட இறங்கினேன். டைப் அடித்தது, பிழை பார்த்தது, அச்சகம் எல்லாம் எப்படியோ ஓடிவிட்டது. ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண்ணைத் தேசிய நூலகமே தருகிறது, காசு கிடையாது.

“காப்பிரைட் பதிவு பண்ணாமல் புத்தகம் விட்டால் நாளைக்கே எவனாவது அடித்து விற்பான், அங்கிள்” என்று ஒரு ஏஜென்ட் பயமுறுத்தினார். பயந்தேன். அஃபிடவிட் (பிரமாணப் பத்திரம்) வேண்டுமென்றார். போலீஸ் ஸ்டேஷனுக்கு இரண்டு காலை நடந்தேன். முதல் நாள் முத்திரை குத்துகிறவர் இல்லை. மறுநாள் அவர் இருந்தார், நான் ஐடி நகல் கொண்டுபோகவில்லை. வீட்டுக்கு ஓடி எடுத்துவந்து முடித்தேன். ஒரு வாரத்தில் சான்றிதழ் வந்தது.

அக்கா மகள் வக்கீல். அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள். “மாமா, இந்த நாட்டில் புத்தகத்துக்குக் காப்பிரைட் பதிவேடே கிடையாது. சினிமாப் படத்துக்கு மட்டும்தான் 1977-ஆம் வருஷச் சட்டப்படி பதிவு உண்டு. தாத்தா நோட்டில் எழுதின அன்றைக்கே உரிமை வந்துவிட்டது.” 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் எண் காப்பிரைட் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படையாம். எழுதியவர் இறந்த வருஷம் முடிந்து 50 வருஷம் உரிமை நிற்கும். அப்பா பாட்டுக்கு 2046 டிசம்பர் 31 வரை. கூத்தில் வரும் பாரதக் கதை யாருக்கும் சொந்தமில்லை, அப்பாவின் வரிகள்தான் சொந்தம்.

யாருக்குச் சொந்தம் என்றேன். அங்கேதான் அடுத்த இடி. வீடு, வண்டி மாதிரி இதுவும் சொத்து. அப்பாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவுக்குப் பிறகு பிள்ளைகள் மூன்று பேருக்கும். நான் மட்டும் முடிவெடுத்து அச்சுக்குக் கொடுத்தது தப்பு. அக்கா அன்றே கையெழுத்துப் போட்டாள். ஜோஹானஸ்பர்க் அண்ணன் ஆறு வாரம் இழுத்தடித்தார். உள்ளே என்ன அச்சடிக்கிறோம் என்று பார்க்காமல் போடமாட்டாராம். நியாயம்தான், ஆனால் அச்சகத்துக்காரர் தினமும் போன் பண்ணினார்.

ஒரு சின்ன வெற்றியும் உண்டு. அப்பா நினைவாக 2019-இல் கூத்து நடத்தினோம். போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்கு நானே பணம் கட்டினேன். இப்போது புத்தகத்தில் போடப் போகிறேன் என்று தெரிந்ததும் ஸ்டுடியோக்காரர் படத்துக்கு 200 ரேண்ட் கேட்டார், எடுத்தவருக்குத்தான் உரிமையாம். அந்தக் காப்பிரைட் சட்டத்தின் 21-ஆம் பிரிவு வேறு சொல்கிறது: காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ, சொன்னவருடையது, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால். பழைய ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்!

அதே தெம்பில் அட்டைப் படத்துக்குப் போய் மூக்குடைந்தேன். கோயில் பக்கத்துப் பையன் ஒருவன் 2,500 ரேண்ட் வாங்கிக்கொண்டு கூத்து வேஷத்தில் அர்ஜுனனை வரைந்து கொடுத்தான். அருமையான படம். புத்தகம் வந்த மாதமே அதே அர்ஜுனன் டீ-ஷர்ட்டில் விற்பனைக்கு வந்துவிட்டான். ரசீதை ஆட்டிக்கொண்டு சண்டைக்குப் போனேன். அக்கா மகள் போனிலேயே தடுத்துவிட்டாள். “மாமா, அந்தப் பிரிவில் போட்டோ, சினிமா, ஒலிப்பதிவு எல்லாம் இருக்கு. படம் வரைவது என்றால் ஆளைப் பார்த்து வரைகிற உருவப்படம் மட்டும்தான். அர்ஜுனன் என்ன, உங்கள் சித்தப்பாவா உட்கார்ந்து போஸ் கொடுக்க?” பணம் கொடுத்தாலும் படம் அவனுடையதுதான். நமக்கு வேண்டுமென்றால் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வாய்ப்பேச்சில் கைமாறாது. வேலை தொடங்குமுன் ஒரு பக்கம் எழுதி வாங்கியிருந்தால் முடிந்திருக்கும். முத்திரை, வக்கீல் ஸ்டாம்ப் எதுவும் சட்டம் கேட்கவில்லை.

நடுவில் ஒரு வெட்டி அலைச்சல், இது முழுக்க என் முட்டாள்தனம். சட்டப்படி ஐந்து பிரதி நூலகத்துக்குக் கொடுக்கவேண்டும் என்று கேள்விப்பட்டு, ஐந்தையும் பையில் போட்டுக்கொண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க் போனேன். அங்கே ஒன்றுதான். மற்ற நான்கில் பிரிட்டோரியாவுக்கு ஒன்று, ப்ளூம்ஃபொன்டைனுக்கு ஒன்று, கேப் டவுனில் தேசிய நூலகத்துக்கு ஒன்று, நாடாளுமன்ற நூலகத்துக்கு ஒன்று. புத்தகம் வெளிவந்து 14 நாளுக்குள் போகவேண்டும். இதற்கும் காப்பிரைட்டுக்கும் சம்பந்தமில்லை, கொடுக்காவிட்டாலும் உரிமை போகாது.

பையனை வீட்டுக்குக் கூப்பிட்டு, பிரியாணி போட்டு, மேலே 1,000 ரேண்ட் கொடுத்துப் பேசினேன். டீ-ஷர்ட் அவனுக்கு, அட்டையும் அடுத்த பதிப்புகளும் எங்களுக்கு. அக்கா மகள் எழுதித் தந்த தாளில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டான். அவன் போன பிறகுதான் கவனித்தேன், தேதி போடவில்லை. நாளைக்கு மறுபடியும் அவன் வீட்டு வாசலில் நிற்கவேண்டும்.