ரப்பரில் செதுக்கிய டால்டனின் தனிமங்கள்

ஆங்கிலேய வேதியியலாளர் ஜான் டால்டன் 1808-இல் வெளியிட்ட நூலில் ஒரு படம் உண்டு. 20 தனிமங்கள், 17 சேர்மங்கள், எல்லாமே வட்டங்கள், ஓர் அணுவுக்கு ஒரு வட்டம். அந்த 37-ஐயும் நானே செதுக்கிய ரப்பர் முத்திரைகளால் அச்சிட வேண்டும் என்று தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. தனிமங்களில் 13 தேறியிருக்கின்றன. சேர்மங்கள் பதினேழும் முடிந்துவிட்டன, ஏனென்றால் ஹைட்ரஜன், நைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன், கந்தகம் ஆகிய ஐந்தை மட்டும் வைத்தே டால்டன் அத்தனையையும் கட்டியிருக்கிறார்.

ஆக்சிஜன் வெறும் வளையம். சுலபம் என்று அதில்தான் முதலில் கை வைத்தேன். வளையம் ஒரு மில்லிமீட்டருக்கு மெலிந்தால், அழுத்தும்போது நெளிகிறது. ஒன்றரை மில்லிமீட்டர் விட்டபோது நின்றது. ஹைட்ரஜனுக்கு வளையத்தின் நடுவே ஒரு புள்ளி. சுற்றிலும் தோண்டும்போது அந்தப் புள்ளி இரண்டு முறை பெயர்ந்து வந்துவிட்டது. கத்தியைச் செங்குத்தாக இறக்காமல், அடிப்பக்கம் அகலமாக நிற்கும்படி சாய்த்து வெட்டிய பிறகு பெயரவில்லை. கார்பன் முழுக் கறுப்பு வட்டம். செதுக்க அதில் எதுவும் இல்லை, ஆனால் பரப்பு வழுவழுப்பாக இருந்ததால் மை திட்டுத்திட்டாக விழுந்தது. மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்ததும் சீராகப் பதிந்தது.

சோடா என்ற காரத்துக்கு வட்டத்துக்குள் இரண்டு நேர்கோடுகள், பொட்டாஷ் என்ற காரத்துக்கு மூன்று. இவற்றைச் செதுக்கும்போது மனம் கொஞ்சம் கனத்தது. வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1807-இலேயே மின்சாரம் செலுத்தி இவற்றிலிருந்து சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிரித்துவிட்டார். அடுத்த ஆண்டு வந்த டால்டனின் பட்டியலில் இரண்டும் இன்னும் தனிமங்களாகவே இருக்கின்றன.

நான்காம் வாரம் ஒரு சோதனை. டால்டன் கணக்கில் சர்க்கரைக்கு ஏழே வட்டங்கள்: நான்கு கார்பன், ஒரு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். ஐந்து நிமிடத்தில் அச்சாகிவிட்டது. இன்று நாம் அறிந்த சர்க்கரையில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன், மொத்தம் 45 அணுக்கள். அதையும் அதே முத்திரைகளால் பதித்துப் பார்த்தேன். ஹைட்ரஜனில் பதினாறா பதினேழா என்று எண்ணிக்கை தவறி, மை காயாத வட்டங்களை விரலால் தொட்டு எண்ணப்போய்த் தாளே பாழானது. இரண்டாம் தாளில் முடித்தேன். முக்கால் மணி நேரம். பார்த்தால் கறையும் கூழாங்கல்லும் கலந்து கொட்டியதுபோல் இருந்தது.

ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸின் அருமை அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. குறியீடுகள் எழுத்துகளாகத்தான் இருக்க வேண்டும். எழுத எளிது, அச்சிட்ட புத்தகத்தையும் அலங்கோலமாக்காது என்பது அவர் வாதம். 1813, 1814-ஆம் ஆண்டுகளில் அவர் முன்வைத்த முறையில் லத்தீன் பெயரின் முதல் எழுத்து, இரண்டு தனிமங்களுக்கு ஒரே எழுத்து வந்து மோதினால் கூடவே இன்னோர் எழுத்து, எண்ணிக்கைக்கு ஓர் எண். எண்ணை அவர் எழுத்தின் தலைமாட்டில் வைத்தார். காலடிக்கு வந்தது பிறகு. சர்க்கரைக்கு மூன்று எழுத்தும் மூன்று எண்ணும் போதும். இரும்பின் குறியீடு ஏன் ஃபெர்ரத்திலிருந்தும், சோடியத்தின் குறியீடு ஏன் நேட்ரியத்திலிருந்தும் வந்தன என்று பள்ளியில் குழம்பியவர்களுக்கு விடை இந்த லத்தீன்தான். யாருடைய பேச்சுமொழியும் அல்லாத ஒரு மொழியைத் தேர்ந்தது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

டால்டனுக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. அந்தக் குறியீடுகள் பயங்கரமானவை, அவற்றைக் கற்பதற்கு ஒரு மாணவன் ஹீப்ருவையே கற்றுவிடலாம் என்று 1837-இல் எழுதினார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கார்பானிக் அமிலம் என்று அவர் குறித்த கார்பன் டை ஆக்சைடை அச்சிட்டபோது அதைக் கண்டேன்: நடுவில் கறுப்பு, இரு பக்கமும் வெற்று வளையம், மூன்றும் ஒரே வரிசையில். அந்த மூலக்கூறு உண்மையிலேயே நேர்கோட்டில்தான் இருக்கிறது. யார் பக்கத்தில் யார் என்பதை வட்டம் காட்டுகிறது. எழுத்து எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. அந்த ஒரு தாளை மட்டும் சட்டம் போட்டு மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

மீதி ஏழு. பாதரசம் தவிர மற்ற ஆறும் வட்டத்துக்குள் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தைக் கொண்ட உலோகங்கள்: துத்தநாகம், செம்பு, ஈயம், வெள்ளி, பிளாட்டினம், தங்கம். ஏற்கெனவே முடித்த இரும்பின் எழுத்து (I) ஒற்றைக் கோடு என்பதால் இடவலம் மாறினாலும் தெரியாது. மற்றவற்றைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் செதுக்க வேண்டும். டிரேசிங் தாளில் பென்சிலால் வரைந்து, கவிழ்த்து வைத்து ரப்பர்மேல் தேய்த்துப் படியெடுத்திருக்கிறேன். ஈயத்தில் கத்தி வைத்தாயிற்று.